இன்னும் கொஞ்சம் பாருங்க

அந்த அறையின் கதவு ஒரு பக்கமாகத் தொங்கிப்போயிருந்தது. கைப்பிடியைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, முழங்காலால் கீழ்ப்பகுதியை உந்தினால்தான் திறக்கும். முதன்முறை சென்றபோது இது எனக்குத் தெரியாது. இரண்டு முறை தள்ளிப் பார்த்தேன். பூட்டியிருக்கிறது போலும் என்று எண்ணிக் காத்து நின்றேன். கதவின் மேற்பாதி கண்ணாடி. உள்ளே மேசைக்குப் பின்னால் ஒருவர் அமர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது தாமதமாகத்தான் தெரிந்தது. அவர் எழுந்து வரவில்லை, கையசைக்கவுமில்லை. நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு நின்றேன். கடைசியில் மாணவன் ஒருவன் வந்து முழங்காலால் இடித்துத் திறந்தான். அவன் பின்னால் நானும் உள்ளே போனேன்.

“ஏழு நிமிஷமுங்க. நீங்க கூப்பிடவே இல்லை” என்றார் அவர். குரலில் கண்டிப்பும் இல்லை, கேலியும் இல்லை. வெப்பமானியைப் படித்துச் சொல்பவரின் குரல் அது.

கதவுக்கருகே சுவரில் ஒரு நீளத் தாள் ஒட்டியிருந்தது. புதிதாக வருகிறவர்கள் அந்தக் கதவை எப்படித் திறக்க முயன்றார்கள் என்பது அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தது. கல்லூரி முதல்வர்: தட்டிவிட்டுக் காத்திருந்தார். தபால் கொண்டுவந்தவர்: உதைத்தார். மின்பணியாளர்: திருப்புளியை எடுத்தார், தடுத்தேன். அவற்றின் கீழே அன்று என்னையும் சேர்த்தார். ‘தள்ளினார். நின்றார். கூப்பிடவில்லை.’ கதவு இரண்டு ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது என்றும், தச்சரை அழைக்க அவர் விடவில்லை என்றும் பிறகு அறிந்தேன். சரிசெய்துவிட்டால் அது வெறும் கதவாகிவிடும், அப்புறம் யாரும் அதனிடம் எதையும் கற்றுக்கொள்ள முடியாது என்பது அவருடைய வாதம்.

திண்டுக்கல்லுக்கு வெளியே, பொறியியல் கல்லூரியும் கலைக் கல்லூரியும் ஒரே வளாகத்தில் இயங்கும் ஓரிடம் அது. அவர் பொறியியல் பக்கத்தில் தொழிற்பொருள் வடிவமைப்பு கற்பித்தார். பாத்திரக் கைப்பிடியிலிருந்து தண்ணீர் மோட்டாரின் மூடி வரை, ஆலைகள் செய்து குவிக்கும் பொருள்களுக்கு உருவம் தரும் படிப்பு அது. நான் மறுபக்கத்தில் முதுகலை இலக்கியம் படித்தேன். மக்கள் பேசுவதைப் பேசியபடியே எழுதித் தர ஒருவர் வேண்டும் என்று அவர் எங்கள் துறையில் கேட்டிருந்தார். அவருடைய மாணவர்கள், ஒருவர் தம் முழங்கால் வலியைப் பத்து வாக்கியங்களில் சொன்னால், அதை ஒற்றை ஆங்கிலச் சொல்லாகச் சுருக்கி எழுதிவந்துவிடுகிறார்களாம். எங்கள் பேராசிரியர் என்னைக் காட்டினார். இவள் பேசமாட்டாள், எழுதுவாள் என்று சொல்லியே அனுப்பினார்.

ஒல்லியான பெண்மணி. ஆண்கள் அணியும் பெரிய கைக்கடிகாரம். மூடி பொருந்தாத டிபன் பாக்ஸ் ஒன்றை ரப்பர் வளையம் போட்டுக் கொண்டுவருவார், அதையும் மாற்றவில்லை. ஒட்டன்சத்திரத்துக்காரர். மாணவர், காவலாளி, தேநீர்க்கடைக்காரர் என்று வேறுபாடில்லாமல் எல்லோருக்கும் ஒரே ‘ங்க’தான். வளாகத்து நாயைக்கூட “நகருங்க” என்றுதான் விலக்குவார். நிற்கும்போது ஒரு தோளைச் சுவரில் சாய்த்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். அப்படி நின்றுவிட்டால், எதையோ பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள்.

கல்லூரி நிர்வாகத்துக்கு அப்போது ‘டிசைன் திங்கிங்’ என்ற சொல்லின்மீது பெரும் மோகம். நுழைவாயிலில் ஐந்து வண்ணக் கட்டங்களோடு ஒரு பதாகை: பரிவோடு அறிதல், சிக்கலை வரையறுத்தல், யோசனைகளைக் குவித்தல், மாதிரி செய்தல், சோதித்தல். இரண்டு நாள் முகாமில் அமர்ந்து வண்ணச் சீட்டுகளைச் சுவரில் ஒட்டினால் எந்தத் துறை மாணவருக்கும் சான்றிதழ் கிடைத்தது. அவர் அந்தப் பதாகையைத் தலை திருப்பாமல் கடந்து செல்வார். ஆனால் அந்த ஐந்து கட்டங்களை அந்தக் கல்லூரியில் உண்மையாக நம்பியவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றியதுண்டு. கார் வரையலாம், கைபேசி வரையலாம் என்ற கனவோடு வந்த பிள்ளைகளை, முதற்கட்டத்திலேயே நான்கு வாரம் நிறுத்திவைத்தார். அதுவரை பென்சிலைத் தொடக்கூடாது. யாராவது ஒரு தீர்வோடு வந்தால், “யாருங்க கேட்டாங்க?” என்பார். அடுத்த மூச்சிலேயே, “இன்னும் கொஞ்சம் பாருங்க” என்பார்.

இந்த வாசகத்தை அவர் ஒரு நாளில் எத்தனை முறை சொல்வார் என்று மாணவர்கள் பந்தயம் கட்டுவார்கள். ஒருமுறை மலைவாழைத் தார் சுமப்பவர்களைப் பார்க்கச் சிறுமலைக்குப் போனோம். நண்பகல் வரை யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது என்பது விதி. மூன்றாம் ஆண்டு மாணவன் கார்த்திக், துடுக்கானவன், பொறுக்கமாட்டாமல், இதற்குப் பேசாமல் ஒரு சினிமாவுக்குப் போயிருக்கலாம் என்றான். அங்கேயும் பார்க்கத்தானே போகிறீர்கள் என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அன்று மாலை பேருந்திலிருந்து இறங்கும்போது, சுமப்பவர்கள் தாரை இறக்கிய பிறகும் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தே நடக்கிறார்கள் என்று முதலில் சொன்னவன் கார்த்திக்தான். கேட்டிருந்தால் அவர்களே அதைச் சொல்லியிருக்கமாட்டார்கள், அவர்களுக்கே தெரியாது.

இலக்கிய வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டதும் ஏறக்குறைய இதுதான். பொருளுக்கு விரையாதே, சொல்லில் நில், எழுதியிருப்பதைப் படி, எழுதியிருக்கவேண்டும் என்று நீ நினைப்பதைப் படிக்காதே. ஆகவே அவரிடம் எனக்கு ஓர் ஒட்டுதல் ஏற்பட்டது. நான் பிறர் காரியங்களில் தலையிடாதவள். அது கூச்சம் என்று வீட்டில் சொல்வார்கள். அவருடைய அறையில் அது ஒரு திறமையாக மதிக்கப்பட்டது. யாரும் என்னைப் பேசச் சொல்லி வற்புறுத்தாத ஒரே இடம் அது. அந்த நிம்மதியை நான் அப்போது ஆராயவில்லை.

ஒரு நாள் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் அவரோடு காத்திருந்தேன். எதிர் இருக்கையில் ஒரு முதியவர் மாத்திரை அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்க முயன்றுகொண்டிருந்தார். விரல்கள் நடுங்கின. அட்டையைத் திருப்பினார், நகத்தால் கீறினார், வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி முயன்றார். நான் எழுந்தேன். என் மணிக்கட்டின்மீது ஒரு கை படிந்தது.

“இன்னும் கொஞ்சம் பாருங்க.”

உட்கார்ந்தேன். நெடுநேரம் கழித்து அந்தப் பெரியவர் அட்டையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தார். மாத்திரை இரண்டாக உடைந்து பாதி தரையில் விழுந்தது. மீதிப் பாதியை விழுங்கினார்.

என் பக்கம் திரும்பியபோது ஆசிரியரின் கண்களில் ஒளி இருந்தது. “பல்லுங்க. பாத்தீங்களா? பாதி மருந்துதான் உள்ள போகுது. நாம போய் உதவியிருந்தா இது நமக்குத் தெரிஞ்சிருக்காது.” சிறிய குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அவர் சொன்னது சரி. எனக்குள்ளும் ஒரு சிலிர்ப்பு ஓடியது. பேருந்து வந்து ஏறி அமர்ந்த பிறகுதான், தரையில் கிடந்த பாதி மாத்திரை நினைவுக்கு வந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. நாங்கள் இருவரும் அந்தப் பெரியவரிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.

அந்த ஆண்டு மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எடுத்துக்கொண்டது எரியோடு ஊர்ப் பக்கத்தில் சின்ன வெங்காயம் அரியும் பெண்கள் நால்வரின் வேலையை. பிடுங்கிக் காயவைத்த வெங்காயத்தின் தாளையும் வேரையும் நீக்குவதற்கு, அவர்கள் தரையில் அமர்ந்து, அரிவாளின் பிடியைக் காலடியில் மிதித்துக்கொண்டு, அலகின்மேல் வெங்காயத்தைத் தேய்த்துத் தேய்த்து அரிகிறார்கள். காலை தொடங்கினால் பொழுது சாயும் வரை அதே இருப்பு. அவர்களில் முருகாயி என்பவர் ஐம்பதை நெருங்கியவர். மற்ற மூவரையும்விடக் கைவேகம் கூடியவர். கணவர் இல்லை. மகள் எட்டில் படித்தாள். வீடு அந்தக் கைகளால்தான் நடந்தது.

நான்கு வாரம் போனோம். நான் எழுதினேன். மாணவர்கள் முதலில் கையுறை செய்யலாம் என்றார்கள். இன்னும் கொஞ்சம் பாருங்க என்றார் அவர். பார்த்தபோது, முருகாயி வெங்காயத்தைப் பார்த்து அரிவதே இல்லை என்பது தெரிந்தது. விரல்நுனி தோலைத் தொட்டு, எங்கே நிறுத்துவது என்று சொல்கிறது. கையுறை போட்டால் அவர் குருடாகிவிடுவார். கையைத் தொடாமல் இடுப்புக்கும் முழங்காலுக்கும் மட்டும் வழி காண்பது என்று முடிவாயிற்று. குட்டையான ஓர் இருக்கை, அதிலிருந்து முன்னால் நீளும் பலகை, பலகையின் நுனியில் அலகு. அமர்ந்து பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு அரியலாம். கார்த்திக் அதைத் தன் கையாலேயே செய்தான். மூன்று இரவு தூங்கவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.

சோதனைக்கு இரண்டு நாள் முந்தைய வெள்ளிக்கிழமை, மாணவர்கள் சாப்பிடப் போயிருந்த வேளையில், நான் அறையின் மூலையில் படியெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் அந்த இருக்கையின் அருகே குனிந்து, பலகையின் இடது ஓரத்தைப் பெருவிரலால் அழுத்தினார். பலகை சாய்ந்தது; அலகும் சேர்ந்து சாய்ந்தது. விட்டார், நிமிர்ந்தது. மறுபடி அழுத்தினார். பிறகு நிமிர்ந்து, தம் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினார். கார்த்திக் வந்ததும், எல்லாம் தயாரா என்று மட்டும் கேட்டார். தயார் என்றான் அவன். சரிங்க என்றார்.

நான் என் குறிப்பேட்டில் இதையும் எழுதினேன். ‘பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். பலகை இடப்பக்கம் சாய்ந்தது. குறித்துக்கொண்டார். சொல்லவில்லை.’ ஏன் சொல்லவில்லை என்று எனக்கு ஐயம் எழவில்லை. அவருடைய முறை எனக்கு அத்துப்படி. பிழையை ஆசிரியர் சொன்னால் மாணவன் திருத்துவான். தானே கண்டால் கற்றுக்கொள்வான். பலகை ஆடும், முருகாயி எரிச்சலடைந்து ஒதுக்கித் தள்ளுவார், கார்த்திக் தலைகுனிவான், வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டான். அவர் எண்ணியது இவ்வளவுதான் என்று இன்றும் நான் நம்புகிறேன்.

சோதனை நாளுக்கென்று அவருக்கு ஒரு விதி இருந்தது. பொருளைக் கொடுத்தபின் செய்தவர்கள் வாய் திறக்கக்கூடாது. விளக்கக்கூடாது, உதவக்கூடாது, முகபாவத்தால்கூட எதையும் காட்டக்கூடாது. கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்கவேண்டும். பொருள் தானே பேசவேண்டும் என்பார். வடிவமைப்புப் படித்தவர்கள் பலரும் கடைப்பிடிக்கும் விதிதான். அவர் அதை ஒரு வழிபாட்டைப் போலக் கடைப்பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை. வெங்காயம் சேமிக்கும் பட்டறையின் கீற்று நிழலில் பெண்கள் நால்வரும் அமர்ந்திருந்தார்கள். கார்த்திக் இருக்கையை முருகாயியின் முன்னால் வைத்துவிட்டு வந்து வரிசையில் நின்றான். ஆறு மாணவர்கள், அவர், நான். அவர்கள் கைகள் முதுகுக்குப் பின்னால். என் கையில் குறிப்பேடு.

முருகாயி அமர்ந்து பார்த்தார். “இத எங்கிட்டு மிதிக்கணும்?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. தாமாகவே கண்டுபிடித்து மிதித்தார். இரண்டு மூன்று வெங்காயம் அரிந்தார். பிறகு எங்கள் வரிசையை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னப்பா, எழவு வீட்டுக்கு வந்தாப்புல இப்பிடிக் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க? எவன் செத்தான் இப்ப?”

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். கார்த்திக் உதட்டைக் கடித்துக்கொண்டான். நாங்கள் அசையவில்லை.

என் குறிப்பேட்டின் அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது. ‘10.40: பலகை இடப்பக்கம் சாய்கிறது. இடக்கையால் நிமிர்த்துகிறார். 10.43: மறுபடி. சிரிக்கிறார். 10.46: மறுபடி. எங்களைப் பார்க்கிறார். சிரிக்கிறார். 10.49: மறுபடி. பார்க்கிறார்.’ அதன் பின் ‘10.52’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. வாக்கியம் இல்லை.

நிமிர்த்தப் போன இடக்கையின்மேல் அலகு சாய்ந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளங்கையோடு சேரும் இடம். முதலில் ஓடியவர் ஆசிரியர்தான். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். தம் முந்தானையைக் கிழித்துக் கட்டினார். கல்லூரி வேனில் திண்டுக்கல் மருத்துவமனை வரை அந்தக் கையைத் தம் இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்தபடியே வந்தார். வேடசந்தூர்ச் சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் முருகாயியின் முகம் சுருங்கியது. அவர் அழவில்லை. வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார்: புள்ளைகள் செய்த பொருள் பூராவும் ரத்தமாகிவிட்டதே.

காயம் ஆறியது. நரம்பு கூடவில்லை. இரண்டு விரல்கள் மடங்காமல் நின்றுவிட்டன. வெங்காயத்தைப் பிடிக்கும் கை அது.

மறுநாள் அறைக்குப் போனபோது, வழக்கம்போலக் கைப்பிடியைத் தூக்கி முழங்காலால் உந்தினேன். கதவு தடையின்றித் திறந்துகொள்ள, தடுமாறி உள்ளே விழப்போனேன். தச்சர் வந்து போயிருந்தார். சுவரில் இருந்த நீளத் தாளும் இல்லை. கார்த்திக் அவர் மேசையின் முன்னால் நின்றான். முகம் வீங்கியிருந்தது. இருவரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

“மேடம், அது ஆடும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியுங்க.”

“சொல்லியிருக்கலாம்ல மேடம்.”

“சொல்லியிருக்கலாம்.”

அவ்வளவுதான். அவர் காரணம் சொல்லியிருக்கலாம். அவரிடம் காரணம் இருந்தது. நான்கு ஆண்டுப் படிப்புக்கே அடித்தளமான காரணம். அதை அந்த அறையில் உச்சரிக்க அவரால் இயலவில்லை.

நிர்வாகம் மருத்துவச் செலவை ஏற்றது. மூவர் கொண்ட ஒரு குழுவையும் அமைத்தது. என் குறிப்பேட்டைக் கேட்டார்கள். சோதனை நாளின் பக்கங்களை மட்டும் கொடுத்தால் போதும் என்றார் அலுவலக உதவியாளர். நான் ஆசிரியரிடம் போய் நின்றேன். என்ன கேட்க வந்தேன் என்பது எனக்கே தெளிவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்து, வெள்ளிக்கிழமைப் பக்கமும் இருக்கிறதல்லவா என்றார். இருக்கிறது என்றேன். அதையும் கொடுங்கள், ஓர் எழுத்தையும் மாற்றவேண்டாம் என்றார்.

முழுக் குறிப்பேட்டையும் கொடுத்தேன். என்னைப் பற்றிய சாட்சியமும் அதில் இருக்கிறது என்று அறிந்தே கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அறையில் இருந்தவர்கள் இருவர். 10.40க்கும் 10.52க்கும் இடையில், ஒவ்வொரு முறை பலகை சாய்ந்தபோதும் அதை ஐயமறக் கண்டு, நேரம் பார்த்து எழுதியவள் நான். பேசக்கூடாது என்ற விதி மாணவர்களுக்கு. நான் அவருடைய மாணவி அல்லேன், மதிப்பெண்ணும் கிடையாது. என்னைத் தடுத்தது விதி அன்று. ஒரு பனுவலில் எழுத்துப்பிழை கண்டால் ஓரத்தில் குறிப்பேன், மூல வரியில் கைவைக்கமாட்டேன். முருகாயியையும் நான் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்துக் குறிப்பேடு திரும்பி வந்தது. எந்தப் பக்கத்திலும் ஒரு கோடுகூட இல்லை. எண்பது பக்கக் கையெழுத்தை யாரும் படிக்கவில்லை என்பது, ஒட்டிக்கொண்டிருந்த தாள்கள் ஒட்டியபடியே இருந்ததிலிருந்து தெரிந்தது. பயன்படுத்துபவர் அறிவுறுத்தலைப் பின்பற்றாததால் ஏற்பட்ட தவறு என்று அறிக்கை முடிந்தது. அறிவுறுத்தல் எதுவும் கொடுக்கப்படவில்லை. கொடுக்காமல் இருப்பதுதான் முறை. அவர் குழுவின் முன் போய்த் தமக்கு முன்பே தெரியும் என்று சொன்னதாகவும், அது அறிக்கையில் ஏறவில்லை என்றும் கேள்விப்பட்டேன். பருவ முடிவில் அவர் வேலையை விட்டார். நுழைவாயிலின் ஐந்து வண்ணக் கட்டங்கள் இருந்தன. அடுத்த முகாமுக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார்.

ஏறக்குறைய ஓராண்டு நான் எரியோட்டுப் பக்கம் போகவில்லை. போகத் துணியவில்லை என்பதே சரி. அடுத்த வெங்காய அறுப்பின்போது, ஒரு ஞாயிறு, காலைப் பூசை முடிந்து, வீட்டில் சொல்லாமல் பேருந்து ஏறினேன்.

பட்டறை நிழலில் முருகாயி அந்தக் குட்டை இருக்கையிலேயே அமர்ந்திருந்தார். பலகையையும் அலகையும் யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள். இருக்கை மட்டும் இருந்தது. அழுகலையும் பழுதையும் பொறுக்கிப் பிரிக்கும் வேலையில் அவரைப் போட்டிருந்தார்கள். அரிகிறவர்களின் கூலி அதற்குக் கிடையாது. வலக்கை பொறுக்க, இடக்கை மடியில் விரித்தபடி கிடந்தது.

“நீ அந்த எழுதுற புள்ளதான?” என்றார். “வாத்தா. அன்னிக்கும் வாயத் தொறக்கல, இன்னிக்கும் தொறக்க மாட்டியாக்கும்?”

நான் வாங்கிப் போயிருந்த பழத்தை நீட்டினேன். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாளா என்று கேட்டேன். ஒன்பதுக்குப் போகவில்லை, மில்லுக்குப் போகிறாள் என்றார். சொல்லிவிட்டு நாலைந்து வெங்காயம் பொறுக்கிப் போட்டார். அவரே பேசினார்.

“அது ஆடுனது எனக்குத் தெரியாமயில்ல. புள்ளைக ஆசையாச் செஞ்சு இம்புட்டுத் தூரம் தூக்கியாந்திருக்கீங்க. நல்லால்லன்னு மூஞ்சிக்கு நேரா எப்பிடிச் சொல்றது? அத்தன பேரு வச்ச கண்ணு வாங்காமப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. வெனையின்னா சொல்லாமயா போவாகன்னு இருந்துட்டேன்.”

நான்கு வாரம் அந்தக் கைகளைப் பார்த்தோம். முழங்காலை, முதுகை, மூச்சை எல்லாம் பார்த்தோம். அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. பன்னிரண்டு நிமிடமும் அவர் எங்கள் முகங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்ததை நான் எழுதியிருக்கிறேன். அந்தச் சிரிப்பு ஒரு கேள்வி என்பது எனக்குத் தோன்றவில்லை.

“அந்தா, அங்கிட்டுப் பாரு” என்று முகவாயால் காட்டினார்.

நிழலின் கடைசியில், அரிகிற பெண்களுக்குச் சற்றுத் தள்ளி, அவர் தரையில் அமர்ந்திருந்தார். ஆண்கள் கடிகாரம். புடவையைக் கணுக்காலுக்குமேல் செருகி, பழைய அரிவாள் ஒன்றைக் காலடியில் மிதித்துக்கொண்டு, வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ரப்பர் வளையம் போட்ட டிபன் பாக்ஸ். வாரம் தவறாமல் ஒட்டன்சத்திரத்திலிருந்து வருகிறாராம்.

“வேணாம்னா கேக்குதா அது? எங் கணக்குல அரிஞ்சு போடுதாம். பொழுதுக்கும் உக்காந்து ஒரு மூட்ட தேறல. அரிஞ்சதுல பாதிய நான் திருப்பி அரியச் சொல்லணும்” என்று முருகாயி அலுத்துக்கொண்டார்.

நான் போய்ப் பேசவில்லை. அவரும் நிமிரவில்லை. தூரத்திலிருந்து பார்த்தேன். முதுகு வளைந்திருந்தது, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவர் பாவம் தீர்க்க வந்திருக்கிறாரா, முன்பு வெளியில் நின்று கண்டதை இப்போது உள்ளே அமர்ந்து காண வந்திருக்கிறாரா? அருகில் கிடந்த துணிப்பையில் அந்தச் சிறிய குறிப்பேடு இருக்குமா? பையின் வாய் மடிந்திருந்தது. இதை எழுதும் இந்நாள் வரையிலும் அவரைப் பற்றி எனக்குத் தெளியாத ஒன்று இது. வெங்காயத்தைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தயங்கி, அலகின்மேல் வைத்தார். பெருவிரல் அலகுக்கு நேர்மேலே நீண்டிருந்தது. நான் அதைக் கண்டேன். பெருவிரல் அலகுக்கு நேர்மேலே இருக்கிறது என்று மனத்துக்குள் ஒரு வாக்கியம் அமைந்தது.

“ஏ டீச்சரம்மா, வெரல எடுங்க. போயிரும்.”

பக்கத்திலிருந்து எழுந்த முருகாயியின் குரல். பொறுக்குவதை நிறுத்தாமல், என்னோடு பேசிக்கொண்டிருந்த வாக்கில், கண்ணில் பட்ட நொடியிலேயே சொல்லிவிட்டார்.

அவர் விரலை எடுத்தார்.